ரிமோட்டில் ஒரு சூரியன்

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.
அன்றைக்கு அது ஆறாவது வீடு.
எல்லீஸ் நகர், ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
சவரிமுத்து லீவு போட்டிருந்தான்.
ஒரு தோளில் கேஸ் சிலிண்டர், மறு தோளில் வாட்டர் பம்ப்,
கைப்பிடிக் கம்பி சுடும் என்று
தொடாமலே ஏறினேன்.

"காத்து சூடா வரலைங்க" என்றார் ரோணிக்கம்மா.
பாதிதான் காதில் விழுந்தது.
இந்த ஊரில் இந்த மாதத்தில்
மீதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை.
பில்டரைக் கழற்றிக் கழுவி
காயிலில் தண்ணீர் அடித்து
கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு
"சில்லுன்னு வருதேம்மா" என்றேன்.
"அதத்தான் சொல்றேன். சூடா வரலை."

கட்டிலில் மரியலூயிஸ்.
கழுத்து வரை கம்பளி. காலில் சாக்ஸ். தலையில் மப்ளர்.
மின்வாரியத்தில் முப்பது வருஷம்
வீடு வீடாக ரீடிங் எடுத்தவர்.
கிட்னி இரண்டும் போய்விட்டது.
செவ்வாயும் வெள்ளியும்
அவருக்கு ரத்தத்தைக் கழுவுகிறார்கள்.
திரும்பி வந்ததும் நடுக்கம்.
பக்கத்தில் அம்மாவின் முந்தானையைப்
பிழிந்தால் சொட்டும்.

ரிமோட்டை நீட்டினார் அம்மா.
பனிப்பூவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன்.
"இத அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சு போச்சு."

எங்கோ குளிர்கிற ஊருக்கும் சேர்த்துச் செய்த ரிமோட் அது.
சூரியன் அதில் மட்டும்தான்.
மிஷினில் அதற்கான வால்வே கிடையாது
என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது
கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது:
"ரூம்ல எடுக்குற சூட்ட எங்க கொண்டுபோய் வைக்கிது?
எடுத்ததுக்குக் கணக்கு இருக்கணும்ல?"

பால்கனியைக் காட்டினேன்.
கம்பளியோடு எழுந்து போனார்.
அவுட்டோர் முன்னால் குனிந்து
இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அட, இங்கயில்ல இருக்கு" என்றார்.

கேஸை உள்ளே இழுத்துப் பூட்டி
நான்கு போல்ட்டைக் கழற்றி
அவுட்டோரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன்.
எதிர்ச்சுவர் மூன்றடி கூட இல்லை.
ட்ரெய்னிங்கில் இப்படி மாட்டிக் காட்டியிருந்தால்
வெளியே போகச் சொல்லியிருப்பார்கள்.
சுவருக்கும் மிஷினுக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

பில் புத்தகத்தில்
'செய்த வேலை' என்ற இடத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
'அவுட்டோர் திசை மாற்றம்' என்று எழுதி
அறுநூறு வாங்கினேன்.
குறைத்துக் கேட்கவில்லை, நானும் குறைக்கவில்லை.
மூன்று மாடி சிலிண்டர் தூக்கியது என் தோள்.

டிசம்பரில் போன்.
"சூடு கம்மியா வருது."

இந்த முறை கைப்பிடிக் கம்பி ஜில்லென்றிருந்தது.
அறைக்குள் பதினாறு டிகிரி ஓடுகிறது.
ஸ்வெட்டர் போட்டு
அவருடைய மப்ளரைச் சுற்றிக்கொண்டு
முறுக்கு மாவு சலிக்கிறார் ரோணிக்கம்மா.
சலிப்பதா நடுங்குவதா
கையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஆயிரத்தைநூறு குடுத்தா ரூம் ஹீட்டரே கிடைக்கும்மா."
"ஆடியிலயே மக வாங்கி அனுப்பிட்டா.
பரண்ல கெடக்கு.
சத்தமே போட மாட்டேங்குது,
தூக்கம் வரலைங்குறார்."
பால்கனியிலிருந்து,
"கரண்டு பில்லப் பத்தி ஒங்கிட்ட கேக்கல தம்பி,
ரீடிங் எனக்குப் பாக்கத் தெரியும்."

கேஜை வெளியே எடுக்கவேயில்லை.
அறை இப்படிக் குளிர்ந்து கிடந்தால்
அள்ளிக் கொடுக்க அதனிடம் என்ன இருக்கும்?
தெருப்பக்கத்து ஜன்னல் இரண்டையும்
முழுக்கத் திறந்துவிட்டேன்.
ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறக்கச் சொன்ன மெக்கானிக்
மதுரையில் வேறு எவனும் இருக்க மாட்டான்.
"மூடாதீங்கம்மா" என்று இரண்டு தரம் சொன்னேன்.

நின்றோம்.
பால்கனியில் தொங்கிய காகித ஸ்டார்
அவுட்டோர் காற்றில்
ஒரு பக்கம் சுற்றி, நூல் முறுக்கி, மறுபக்கம் சுற்றியது.
ஐந்து நிமிஷமிருக்கும்.

"வருது" என்றது நாற்காலி.